முகப்பு விளக்கை மாற்றும் முன்

நாக்பூரில் பணியாற்றிய காலத்தில், ஒரு மழை இரவில், அமராவதி நெடுஞ்சாலையில் எனது காரின் வலப்புற முகப்பு விளக்கு அணைந்துபோனது. எதிரே வருவோர் கண்ணுக்கு அது சாலையோரம் செல்லும் இருசக்கர வாகனமாகவே தெரிந்திருக்கும். பதற்றத்தில் வண்டியை ஓரங்கட்டி, கையோடு வைத்திருந்த புதிய பல்பைப் பொருத்த முனைந்தேன். பழையதைத் தொட்டதும் விரல் சுட்டது. புதியதையும் கண்ணாடியைப் பிடித்தே பொருத்தினேன். ஒரு மாதத்திற்குள் அதுவும் கருகியது.

காரணம் பின்னரே விளங்கியது. நம் கார்கள் பலவற்றில் உள்ளது எச்4 வகை ஹாலோஜன் பல்பு. அதன் குவார்ட்ஸ் கண்ணாடியில் விரலின் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால், அவ்விடம் மட்டும் மிகைச் சூடாகி, பல்பின் ஆயுள் குறையும்; சில வேளை வெடிக்கவும் கூடும். உள்ளே வாயு அழுத்தத்துடன் அடைபட்டிருப்பதே அதற்குக் காரணம். ஆகவே சுத்தமான கையுறை அணிந்து, உலோக அடிப்பகுதியை மட்டும் பிடித்தல் வேண்டும். தவறிக் கைபட்டால் ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் பொருத்தலாம். கண்ணாடி அணிபவர் அதைக் கழற்றாதிருப்பது நல்லது.

விளக்கையும் என்ஜினையும் அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, பல்பு நன்கு ஆறும்வரை காத்திருங்கள். சில கார்களில் ரேடியேட்டர் விசிறி என்ஜின் நின்றபின்னும் திடீரெனச் சுழலும். கை அருகில் செல்லக்கூடாது. பல்பின் மூன்று காதுகளும் ஒரே நிலையில்தான் பொருந்தும், வலிந்து அழுத்தாதீர்கள். ரப்பர் மூடியை ஒழுங்காக மாட்டாவிட்டால் ஈரம் புகுந்துவிடும்.

கூடுதல் வெளிச்சத்திற்கு ஆசைப்பட்டு 60/55 வாட்டுக்குப் பதில் 100/90 வாட் பல்பு போடுவோர் உண்டு. வணிகவியல் படித்த எனக்கும் இந்தக் கணக்கு எளிது: 12 வோல்ட்டில் 60 வாட்டுக்கு 5 ஆம்பியர், 100 வாட்டுக்கு 8க்கு மேல். ஹோல்டரும் வயரும் உருகலாம். மாற்றியமைத்த வயரிங்கால் தீ மூண்டால், காப்பீட்டுக் கோரிக்கையும் சிக்கலாகும்.

செனான் விளக்கெனில் நீங்களே கைவைக்க வேண்டாம். அது எரியத் தொடங்கும் கணத்தில் 20,000 வோல்ட் வரை பாயும். பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இப்போது என் காரின் கையுறைப் பெட்டியில் உண்மையிலேயே ஒரு ஜோடி கையுறை இருக்கிறது, உறை பிரிக்காத பல்பு ஒன்றுடன்.