குளோரைடு உயிரணு

குளோரைடு உயிரணு என்பது எலும்பு மீன்களின் செவுள்களில் அமைந்து, உடலுக்கும் சுற்றியுள்ள நீருக்கும் இடையே உப்புச் சமநிலையைப் பேணும் உயிரணு ஆகும். ஆன்செல் கீய்சு, எட்வர்டு நெவில் வில்மர் ஆகியோர் விலாங்கு மீனின் செவுளை ஆராய்ந்து, 1932 இல் இதனை விவரித்தனர்.

வாழிடம்: பழவேற்காடு ஏரி

திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திரப் பிரதேசத்திலும் பரந்துள்ள பழவேற்காடு ஏரி, இந்தியாவில் சில்காவிற்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரியாகும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. வடகிழக்குப் பருவமழையின்போது ஆரணியாறும் காளங்கியாறும் கொணரும் வெள்ளத்தால் இவ்வேரியின் சில பகுதிகள் ஏறத்தாழ நன்னீராகின்றன. கோடையில் ஆழமற்ற பகுதிகளில் உப்பின் அளவு 50 கிராமையும் எட்டக்கூடும். மடவை, பால்மீன், கொடுவா முதலியன இம்மாற்றத்தைத் தாங்கி வாழும் மீன்களாகும்.

இருவகைச் சிக்கல்

மீன்களின் குருதியில் உள்ள உப்புச் செறிவு, கடல்நீரில் உள்ளதைப் போல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆகும். எனவே கடல்நீரில் சவ்வூடு பரவலால் மீன் நீரை இழக்கிறது. இதனை ஈடுசெய்யக் கடல்நீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. நன்னீரில் இதற்கு மாறாக நீர் உடலுள் புகுகிறது, உப்பு வெளியேறுகிறது. அப்போது மீன் நீர்த்த சிறுநீரை மிகுதியாகக் கழித்து, இழந்த உப்பைச் செவுள் வழியே உறிஞ்சுகிறது.

செயற்பாடு

குளோரைடு உயிரணுவில் ஆற்றல் தரும் இழைமணிகள் நிறைந்துள்ளன. இதன் உட்புறச் சவ்வில் உள்ள சோடியம்-பொட்டாசிய ஏற்றி, ஒவ்வொரு சுழற்சியிலும் 3 சோடிய அயனிகளை உயிரணுவிலிருந்து வெளியேற்றி, 2 பொட்டாசிய அயனிகளை உள்ளே கொணர்கிறது. இதனால் உண்டாகும் சோடியச் செறிவு வேறுபாட்டைப் பயன்படுத்தி, மற்றொரு கடத்திப் புரதம் குருதியிலிருந்து குளோரைடை உயிரணுவுக்குள் இழுக்கிறது. கடல்நீரில் அக்குளோரைடு, நீரைத் தொடும் சவ்விலுள்ள கால்வாய் வழியே வெளியேறுகிறது. சோடியம் அண்டை உயிரணுக்களுக்கு இடையேயான இடுக்குகள் வழியே செல்கிறது. நன்னீரில் இவ்விடுக்குகள் இறுகி, உப்பை உள்ளிழுக்கும் புரதங்கள் பெருகுகின்றன.

தகவமைப்பு

கடல்நீர்த் தகவமைப்பைக் கார்ட்டிசால், வளர்ச்சி இயக்குநீர் ஆகியனவும், நன்னீர்த் தகவமைப்பைப் புரோலாக்டினும் தூண்டுகின்றன. உயிரணுவின் திறப்பு சில மணி நேரத்தில் மாறலாம். ஆனால் புதிய உயிரணுக்கள் உருவாகப் பல நாட்கள் ஆகும். ஆகவே உப்பின் அளவு படிப்படியாக மாறும்போது தாங்கும் மீனே, திடீர் மாற்றத்தால் இறக்க நேரிடும். மீன்வளர்ப்போர் குஞ்சுகளைப் புதிய நீருக்குச் சிறிது சிறிதாகப் பழக்குவது இதனாலேயே ஆகும்.

முக்கியத்துவம்

பழவேற்காடு முகத்துவாரம் மணலால் அடைபடும்போது கடல்நீரின் வரத்து குறைந்து, கோடையில் ஏரியின் உவர்ப்பு கூடுகிறது. அப்போது மீன் தன் ஆற்றலில் ஒரு பகுதியை வளர்ச்சிக்குப் பதிலாக உப்பை வெளியேற்றுவதில் செலவிடுகிறது. ஏரியை நம்பி வாழும் மீனவர்கள் முகத்துவாரத்தைத் திறந்து வைக்கக் கோருவதற்கு இது ஒரு காரணமாகும். மேலும் நீரில் கரைந்த செம்பு, சோடியம்-பொட்டாசிய ஏற்றியின் செயலைத் தடுக்கிறது. எனவே கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளை அடுத்துள்ள நீர்நிலைகளில் உவர்ப்புடன் உலோகங்களின் அளவையும் சேர்த்துக் கண்காணிப்பது தேவையாகிறது.