பிடியரிசியும் கூலிப் பாக்கியும்



எங்கள் வீட்டு அடுப்படியில் வாய் சற்று உடைந்த ஒரு மண்கலயம் இருந்தது. அம்மா சமையலுக்கு அரிசியை அளந்து முறத்தில் போட்டதும், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்தக் கலயத்தில் போடுவார்கள். அதன் பிறகுதான் அரிசியைக் களைந்து உலையில் இடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி ஒரு துணிப்பையில் ஆலயத்துக்குப் போகும். எங்கள் வீட்டில் அரிசி போதாத மாதங்கள் உண்டு. அந்த மாதங்களில் அம்மாவின் கைப்பிடி கொஞ்சம் சிறுத்திருக்கலாம். ஆனால் கலயம் வெறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

பிடியரிசி என்றால் தென் தமிழ்நாட்டுச் சபைகளில் வளர்ந்த எவருக்கும் விளக்கம் தேவையில்லை. இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. மிசோரம் மாநிலத்துப் பிரஸ்பிட்டேரியன் சபையில் 1910ஆம் ஆண்டு தொடங்கிய ‘புஃபாய் தாம்’ என்னும் பிடியரிசித் திட்டம் இன்றும் நடைபெற்று வருகிறது. அங்கும் பெண்கள் ஒவ்வொரு வேளையும் சமைக்கும் முன்பு ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கிறார்கள். சேர்ந்த அரிசியை விற்று வரும் பணம் சபையின் ஊழியங்களுக்குப் போகிறது.

ஒரு பிடி என்பது சுமார் 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு இரண்டு வேளை என்றால் 100 கிராம், மாதத்துக்கு 3 கிலோ. நூறு குடும்பங்கள் செய்தால் 300 கிலோ! அந்த நூறு பேரில் எவருமே தங்களை வள்ளல் என்று எண்ணியிருக்கமாட்டார்கள்.

இந்தச் சிறிய வழக்கத்தில் பெரிய ஞானம் ஒன்று உண்டு. பிடியரிசி சமைப்பதற்கு முன்னே எடுக்கப்படுகிறது. உண்டு முடித்தபின் பானையில் மிஞ்சியதை வழிப்பது அல்ல அது. எடுத்து வைத்ததுபோக இருப்பதைக் கொண்டு அன்றைய குடும்பம் நடக்கிறது. நமது மாதச் செலவுகளெல்லாம் முடிந்து கடைசியில் ஏதாவது நின்றால் கொடுக்கலாம் என்று காத்திருப்பவருக்கு அந்தக் கடைசி வருவதே இல்லை என்பது உங்கள் அனுபவத்திலும் தெரிந்திருக்கும்.

மிஞ்சியதைக் கொடுக்கும் மனம் எப்படிப்பட்டது என்பதை மருத்துவமனையில் இருக்கிற நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். நல்ல எண்ணத்தோடுதான் பெட்டிகள் வருகின்றன. திறந்தால் பாதி தீர்ந்த மருந்துப் பட்டைகள், தேதி கடந்த டானிக் பாட்டில்கள், பொத்தான் இல்லாத சட்டைகள். தேதி கடந்த மருந்தை எந்த நோயாளிக்கும் கொடுக்க முடியாது. அதைப் பாதுகாப்பாக அழிப்பதற்கும் நாங்கள் செலவு செய்யவேண்டும். நம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குகிற மருந்தை அடுத்தவர் பிள்ளைக்கு அனுப்பலாமா?

இனி, எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்த ஒரு காரியத்துக்கு வருகிறேன்.

வேதத்தில் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தைப் பலமுறை வாசித்திருப்பீர்கள். வயலை அறுக்கும்போது ஓரங்களை முழுவதும் அறுத்துவிடாமல், சிந்திய கதிர்களைப் பொறுக்கிக்கொள்ளாமல், ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்ற கட்டளை அங்கே இருக்கிறது. ரூத் போவாசின் வயலில் கதிர் பொறுக்கியது இந்த ஒழுங்கின்படிதான். அவள் யார் வாசலிலும் கையேந்தி நிற்கவில்லை. வயலுக்குப் போய், குனிந்து உழைத்து, தன் மாமிக்கும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். கொடுப்பவன் பெருமைப்பட இடமில்லாமலும், பெறுகிறவள் கூசவேண்டிய அவசியமில்லாமலும் அமைந்த ஏற்பாடு அது.

இந்தப் பகுதியைக் குறித்துப் பிரசங்கிக்கிற நாம், அதே அதிகாரத்தில் சில வசனங்கள் தள்ளி வருகிற இன்னொரு கட்டளையை வேகமாகக் கடந்துவிடுகிறோம். கூலியாளின் கூலியை மறுநாள் காலைவரை நம்மிடத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதே அது. ஏழைக்குக் கதிரை விடுவதும், உழைத்தவனுக்குக் கூலியைக் கொடுப்பதும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒன்றைச் செய்துவிட்டதால் மற்றொன்று தீர்ந்துபோவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஆண்கள் வார்டில் ஒரு தொழிலாளி சேர்க்கப்பட்டார். மரம் அறுக்கும் பட்டறையில் வேலை செய்தவர். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. நான் ஜெபித்து முடித்ததும் அவருடைய மனைவியிடம், “அம்மா, பில்லைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஏழைகள் நிதியிலிருந்து உதவி கேட்கிறேன்” என்றேன். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “உதவி செஞ்சா சந்தோஷம்தான் ஐயா. ஆனா முதலாளி நாலு மாசக் கூலியில பாதி பாக்கி வச்சிருக்காரு. கை போனதுக்கும் ஒண்ணும் தரமாட்டேன்னுட்டாரு. தர்மம் வேண்டாம் ஐயா. எங்களுக்குச் சேரவேண்டியதை வாங்கித் தருவீங்களா?”

முதலாளி யார் என்று விசாரித்தேன். எங்கள் ஏழைகள் நிதிக்கு ஆண்டுதோறும் பெரிய தொகை கொடுப்பவர். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் சிற்றாலயத்தில் அவர் பெயரைச் சொல்லி நன்றி செலுத்தியிருந்தேன். அந்தத் தொழிலாளியின் பில்லில் ஒரு பகுதியை அந்த முதலாளியின் காணிக்கையைக் கொண்டே நாங்கள் தள்ளுபடி செய்ய இருந்தோம். அதற்காக அந்தக் குடும்பம் அவருக்கு நன்றிக்கடிதமும் எழுதியிருக்கும்!

உடனே போய்ப் பேசினேன் என்று எழுத ஆசை. உண்மை அதுவல்ல. மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். அவருடைய காணிக்கை நின்றுபோனால் எத்தனை நோயாளிகளுக்குக் கஷ்டம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். இறுதியில் ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். “உங்கள் ஆஸ்பத்திரிக்கு நான் கொடுப்பது போதாதா, பாஸ்டர்?” என்று கேட்டார். “எங்களுக்குக் கொடுப்பது காணிக்கை ஐயா, அவருக்குக் கொடுக்க வேண்டியது கடன்” என்றேன். காபி ஆறிப்போயிற்று. நான் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த ஆண்டு அவரிடமிருந்து எங்களுக்குக் காசோலை வரவில்லை. மறு ஆண்டும் வரவில்லை. ஆனால் ஆறு மாதத்துக்குள் அந்தத் தொழிலாளிக்குக் கூலிப் பாக்கியும் ஒரு தொகையும் போய்ச் சேர்ந்தன. அந்த அம்மாளே வந்து சொன்னார். எங்களுக்கு வராமற்போன அந்தக் காணிக்கைக்காகவும் நான் தேவனைத் துதிக்கிறேன்.

வேலையில் காயப்பட்டவருக்கு ஈடு கொடுப்பது முதலாளியின் இரக்கத்தைப் பொறுத்தது அல்ல, அவருடைய கடமை என்று நம் நாட்டுச் சட்டம் 1923ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. பட்டறை நடத்துபவர்களுக்கு மட்டுமா இது? வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு முதல் தேதியில் சம்பளம் போகிறதா? அவருக்குக் காய்ச்சல் வந்த நாட்களுக்குப் பிடித்தம் செய்கிறோமா? கீரைக்காரியிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, அந்த இரண்டு ரூபாயை உண்டியலில் போடுகிறோமா? தர்மம் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

மூன்றாவதாக ஒரு காரியம். பணத்தால் வாங்க முடியாததும் கொடுக்கப்பட வேண்டியதுமான ஒன்று உண்டு. அது இரத்தம்.

முன்பு காசுக்கு இரத்தம் விற்பவர்கள் இருந்தார்கள். பசியால் விற்றவர்களும் போதைக்காக விற்றவர்களும் உண்டு. அதனால் நோய்கள் பரவும் அபாயம் இருந்தது. உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பின் விளைவாக, 1998 ஜனவரி 1 முதல் இந்த விற்பனை நாடெங்கும் தடை செய்யப்பட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் அன்றுமுதல் பொறுப்பு நம் கைக்கு வந்துவிட்டது. மனிதன் கொடுத்தாலொழிய மனித இரத்தம் கிடையாது. சேமித்து வைப்பதற்கும் எல்லை உண்டு. சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாட்கள் வைத்திருக்கலாம். தட்டணுக்களை ஐந்து நாட்கள்தான். ஆகவே இதுவும் பிடியரிசி போன்றதே. ஒருநாள் மூட்டையாகக் கொட்டிவிட்டு ஆண்டு முழுவதும் சும்மா இருந்தால் பயனில்லை. யாராவது ஒருவர் எடுத்து வைத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

பிரசவத்தில் இரத்தப்போக்கு கண்ட பெண்ணுக்கு உடனடியாக இரத்தம் வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, உடன் வந்த ஆண்கள் ஒவ்வொருவராக டீ குடிக்கப் போய்விட்ட காட்சியை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், பயந்தவர்கள். இரத்தம் கொடுத்தால் உழைக்கும் பலம் போய்விடும் என்று நம்பினார்கள். உண்மை என்ன? நம் உடலில் சுமார் ஐந்து லிட்டர் இரத்தம் இருக்கிறது. ஒரு தடவை எடுப்பது 350 அல்லது 450 மில்லி மட்டுமே. குறைந்த நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் சில வாரங்களில் நிரம்பிவிடும். 18 வயது நிறைந்து, 45 கிலோ எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் உள்ள ஆரோக்கியமானவர் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. என்னைப் போன்ற முதியவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளை அழைத்து வரலாமே!

இரத்தப் பையின்மேல் கொடுத்தவர் பெயர் நோயாளி காணும்படி எழுதப்படுவதில்லை. யாருடைய இரத்தம் யாருக்குள் ஓடுகிறது என்று சாதியும் கேட்காது, சபையும் கேட்காது. நன்றிக்கடிதம் வராது. வலது கை செய்வதை இடது கை அறியாத கொடை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அன்பானவர்களே, இந்த இதழோடு வழக்கம்போல் காணிக்கை உறை வருகிறது. அதில் எவ்வளவு வைப்பது என்று நினைக்குமுன், தயவுசெய்து ஒரு காரியம் செய்யுங்கள். இந்த மாதம் யாருக்காவது நாம் கொடுக்கவேண்டியது பாக்கி இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். உறை ஒரு மாதம் தாமதமாக வந்தாலும் எங்களுக்கு வருத்தமில்லை. பிறகு, சமைப்பதற்கு முன் எடுத்த பிடியரிசியைப்போல, உங்களால் இயன்றதை எடுத்து வையுங்கள். சிறியதாயிருந்தாலும் மாதந்தோறும் வருவதைக் கொண்டே மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் நாங்கள் திட்டமிட முடிகிறது.

அம்மாவின் கலயம் இப்போது இல்லை. எங்கள் வீட்டில் குக்கர்தான். ஆனால் என் மனைவி அரிசி அளக்கும்போது ஒரு டப்பாவில் இன்னும் ஒரு பிடி விழுகிற சத்தம் கேட்கிறது. உங்கள் வீடுகளிலும் அந்தச் சத்தம் கேட்பதாக.

ஜெபத்தோடு உங்கள் சகோதரன்,
மருத்துவமனைப் போதகர்