செய்தித்தாள் படிக்காதவரிடம் மனச்சோர்வை எப்படிக் கேட்பது?

ஆந்திராவின் சந்திரகிரிப் பக்கத்து யானாதிப் பழங்குடிக் குடியிருப்புக்கு, மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளை எடுத்துப்போனால் 7-வது கேள்வியே இடறும்: செய்தித்தாள் படிக்கையில், டிவி பார்க்கையில் கவனம் சிதறுகிறதா? எழுத்தறியாதவர் என்ன சொல்வார்? சாப்பாட்டில் நாட்டமில்லையா என்பதும், உலையில் போட அரிசியில்லாத வீட்டில் வேறு கேள்வியாகிவிடும். சொல்லை மாற்றினால் அளவுகோல் கெடாதா? நியாயமான சந்தேகம்தான். ஆனால் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளுக்காகத் திருத்திய தாளை அங்கே 10 ஆரம்ப சுகாதார மையங்களில் விரிவான நேர்காணலோடு ஒப்பிட்டார்கள். தேறியது என்று 2019-இல் முடிவு வந்தது. அந்தத் தாளை அப்படியே இங்கே இறக்கிவிட முடியாது. தெலுங்கில், யானாதிகளிடமே சோதிக்க வேண்டும். கேட்டபின் கவனிக்க ஆளுண்டா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. ஆந்திராவின் மேற்கு கோதாவரியில் ‘ஸ்மார்ட் மென்டல் ஹெல்த்’ திட்டம் பழங்குடி கிராமங்களில் ஆஷா பணியாளர் கையில் டேப்லெட்டைக் கொடுத்தது. மதிப்பெண் கூடியவரை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் அனுப்பிவிட்டு, போனாரா என்று ஆஷா பணியாளரே வீடு தேடிப்போய் விசாரித்தார்.