நம்ம தலைவரைத் திட்டினா மட்டும் அவதூறா?

இன்னைக்கு எபிசோட்ல அரசியல் பேசப் போறோம், ஆனா எந்தக் கட்சிக்காகவும் இல்ல. தலைவர்களை விமர்சிக்கிறது எப்போ ஜனநாயகத்துக்கு உதவுது, எப்போ அதைக் கெடுக்குது? இதுதான் கேள்வி. பொத்தாம் பொதுவா பேசாம, ஒரே ஒரு சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போவோம். கிரிமினல் அவதூறுச் சட்டம்.

ஒருவர் பெயரைக் கெடுக்கிற மாதிரி பேசினாலோ, எழுதினாலோ, படம் போட்டாலோ அது குற்றம். இரண்டு வருடம் வரை சிறை. 1860ல் பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 499, 500-ஆம் பிரிவுகளாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தாச்சு. அதுல நம்பர் 356. நம்பர் மாறுச்சு, ரெண்டு வருஷம் அப்படியே இருக்கு.

பொதுவா அவதூறுன்னா, பாதிக்கப்பட்டவர்தான் கோர்ட்டுக்குப் போய் புகார் கொடுக்கணும். ஆனா அமைச்சர்கள், அரசு ஊழியர்களுக்கு ஒரு தனி வழி இருக்கு. அவங்க அரசுப் பணி சம்பந்தமா யாராவது பேசினா, அரசு அனுமதியோட அரசு வக்கீலே நேரா செஷன்ஸ் கோர்ட்டில் வழக்குப் போடலாம். அதாவது, முதலமைச்சரைப் பற்றி நீங்க பேசினதுக்கு, உங்க வரிப்பணத்துலயே உங்க மேல கேஸ். தண்டனை வருதோ இல்லையோ, வாய்தாவுக்கு வாய்தா அலையறது நிச்சயம். பல பேருக்கு அந்த அலைச்சல்தான் தண்டனை.

இந்த வழியை அதிகமா பயன்படுத்தின மாநிலங்கள்ல ஒண்ணு தமிழ்நாடு. 2011 முதல் 2016 வரையிலான ஜெயலலிதா ஆட்சியில் 200க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் போடப்பட்டன. தி.மு.க. தலைவர்கள், விஜயகாந்த், பத்திரிகைகள் எல்லாரும் அந்தப் பட்டியல்ல இருந்தாங்க. சுப்பிரமணியன் சுவாமியும்தான். அவர் இந்தச் சட்டமே செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் போனார். கூடவே அதே கோரிக்கையோட யார் யார் வந்தாங்க தெரியுமா? ராகுல் காந்தியும் அரவிந்த் கெஜ்ரிவாலும். மூணு பேரும் ஒரே மேடையில நிக்க மாட்டாங்க. ஆனா மூணு பேர் மேலயும் அவதூறு வழக்கு இருந்துச்சு, அதனால மூணு பேருக்கும் சட்டத்தோட கோளாறு தெளிவா தெரிஞ்சுது.

2016 மே 13ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி தீபக் மிஸ்ராவே, இரண்டு மாதம் கழித்து விஜயகாந்த் வழக்கில், அரசின் கொள்கையை விமர்சிப்பது அவதூறு ஆகாது என்று தமிழக அரசைக் கண்டித்தார்.

இப்போ 2023க்கு வாங்க. மார்ச் 23ல் சூரத் நீதிமன்றம் ஒரு தேர்தல் பேச்சுக்காக ராகுல் காந்திக்கு இரண்டு வருடம் சிறைத் தண்டனை கொடுத்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை கிடைத்தால் எம்.பி. பதவி போயிடும். மறுநாளே போச்சு. ஆகஸ்ட் 4ல் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்த பிறகுதான் திரும்பி வந்தார்.

அன்னைக்கு என் டைம்லைன்ல நான் பார்த்தது ரெண்டே கட்சிதான். "ஜனநாயகம் செத்துப்போச்சு"ன்னு ஒரு பக்கம். "பேசினா அனுபவிக்கணும்"னு இன்னொரு பக்கம். ஒரு பேச்சுக்கு ஜெயில் சரியா, பதவியே போகலாமான்னு கேட்டவங்க ரொம்பக் குறைவு.

தமிழ்நாட்டுக்கே திரும்ப வருவோம். 2021ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு, பத்திரிகையாளர்கள் மேல இருந்த 90 அவதூறு வழக்குகளை வாபஸ் வாங்குச்சு. நல்ல விஷயம். அதே ஆட்சியில் 2024 மே மாதம், பெண் காவலர்களைப் பற்றி இழிவாகப் பேசியதாக யூடியூபர் சவுக்கு சங்கர் கைதாகி, அவர் மீது குண்டர் சட்டமும் பாய்ந்தது. ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடுப்புக் காவலை ரத்து செய்தது. அவர் பேச்சு எனக்குப் பிடிக்காது. பெண்களை இழிவா பேசினா அதுக்கான வழக்கு நடக்கட்டும். ஆனா விசாரணை முடியறதுக்கு முன்னாடியே ஒருத்தரை உள்ளே வைக்கிற சட்டத்தை ஒரு பேச்சுக்குப் போடலாமாங்கிறது வேற கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்டா, "நீ அ.தி.மு.க.வா?"ன்னுதான் பதில் வருது.

கட்சி கட்டின விமர்சனம் ரெண்டு விதத்துல கெடுதல் பண்ணுதுன்னு நான் சொல்றது இதனாலதான்.

ஒண்ணு, விமர்சனத்துக்கு மதிப்பே போயிடுது. எங்க வேலையில இருந்து ஒரு உதாரணம். ஒரு டெஸ்டர் ஒரே ஒரு டீமோட கோடுல மட்டும் தினமும் நூறு பக் போடுறார். இன்னொரு டீமுக்கு எப்பவும் பாஸ். ஒரு மாசத்துல அவர் ரிப்போர்ட்டை யாரும் திறந்துகூட பார்க்க மாட்டாங்க, உள்ளே உண்மையிலேயே பெரிய பக் இருந்தாலும். ஒரு அமைச்சர் மேல நியாயமான குற்றச்சாட்டு வரும்போது "இது எதிர்க்கட்சி சதி"ன்னு ஒரே வரியில தப்பிச்சுக்க முடியுதுன்னா, அந்த வரியை அவருக்குத் தயார் பண்ணிக் கொடுத்தது நம்ம ஒருதலைப்பட்சம்தான்.

ரெண்டாவது, ஆயுதம் பத்திரமா இருக்கு. எதிர்க்கட்சியா இருக்கும்போது இந்தச் சட்டங்கள் எல்லாம் அடக்குமுறை. ஆளுங்கட்சி ஆனதும் அதே சட்டம் சட்டம் ஒழுங்கு. தொண்டர்கள் தட்டிக் கேட்கிறதில்ல, அதனால எந்தக் கட்சிக்கும் அதை நீக்கணும்னு அவசரமும் இல்ல.

அப்போ பொய் சொல்லி ஒருத்தர் பெயரைக் கெடுத்தா சும்மா விடணுமான்னு கேட்பீங்க. வேண்டாம். சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கிற வழி ஏற்கெனவே இருக்கு. தலைவர்களும் அதே வரிசையில நிக்கட்டும், அவங்க சொந்தச் செலவுல.

நம்ம பக்கம் செய்யக்கூடியது சின்ன விஷயம்தான். ஒரு கைது செய்தியோ, ஒரு மீமோ ஷேர் பண்றதுக்கு முன்னாடி, அதுல இருக்கிற பெயரை எடுத்துட்டு உங்களுக்குப் பிடிச்ச தலைவர் பெயரைப் போட்டுப் பாருங்க. கோபம் அப்படியே இருந்தா, அது விமர்சனம். தாராளமா ஷேர் பண்ணுங்க. கோபம் காணாம போச்சுன்னா, உங்க கோபம் அந்தச் செயல் மேல இல்ல, அந்த ஆள் மேல.

உங்களுக்குப் பிடிச்ச கட்சி ஆட்சியில இருந்தப்போ, இப்படி நீங்க எதிர்த்த ஒரு விஷயம் இருக்கா? இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல படிக்கிறேன், எந்தக் கட்சியா இருந்தாலும்.