கச்சான் காற்றில் விளையும் கடல்

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகுகள் கரையில் கிடக்கும் அந்த 61 நாட்களும் கடலுக்கு ஓய்வு நாட்கள் அல்ல. அதன் சாகுபடிக் காலமே அப்போதுதான் தொடங்குகிறது.

கச்சான் என்று மீனவர்கள் சொல்லும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையை ஒட்டித் தெற்கு நோக்கி இறங்கும்போது மேல்நீரைத் தள்ளுகிறது. ஆனால் காற்று போகும் வழியிலேயே நீர் போய்விடுவதில்லை. பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் அது வலப்பக்கமாக ஒதுங்கும். வடதுருவக் கடலில் பனிப்பாளங்கள் இப்படி விலகி மிதந்ததை நார்வே ஆய்வுப் பயணி நான்சென் பார்த்தார். 1905இல் ஸ்வீடன் கடலியலாளர் எக்மன் அதைக் கணிதமாக்கினார். இங்கே வலப்பக்கம் என்றால் ஆழ்கடல். கரையோர நீர் அங்கே நகர, அதன் இடத்துக்குக் கீழிருந்து குளிர்நீர் ஏறுகிறது. ஏப்ரலில் 30 டிகிரியைத் தொடும் கடல், ஆகஸ்டுக்குள் 25 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடும். நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் என இருட்டில் தங்கிக் கிடந்த உரமெல்லாம் வெயில் படும் இடத்துக்கு வந்து சேர்கிறது.

அப்படியானால் காற்று எவ்வளவு பலமோ அவ்வளவு மிதவை உயிரிகள் என்று எண்ணத் தோன்றும். கணக்கு அத்தனை எளிதல்ல. காற்று கடுமையானால், நுண்பாசி பெருகுவதற்கு முன்பே நீர் கரையை விட்டு வெகுதூரம் போய்விடும். அல்லது வெளிச்சம் எட்டாத ஆழம்வரை கலங்கிவிடும். பாசி பெருகச் சில நாட்கள் வேண்டும், அதைத் தின்னும் கோபிபாட் என்ற நுண்விலங்குகள் பெருகச் சில வாரங்கள். அதனால் நீர் மிகக் குளிர்ந்த இடமும் மிகப் பச்சையான இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

எந்த உயிர் செழிக்கும் என்பதையும் நீரின் அசைவே தீர்மானிக்கிறது. கோடையில் கடல் அசையாமல், உரமில்லாமல் கிடக்கும்போது, உடலுக்குள் வாயு அறைகள் கொண்ட டிரைக்கோடெஸ்மியம் என்ற நுண்ணுயிர் மரத்தூள் கொட்டியதுபோல் மேலே படர்கிறது. மழைக்காலத்தில் முறை மாறி டயாட்டம் என்ற நுண்பாசிகள் வருகின்றன. அவற்றின் சிலிக்கா ஓடு கனமானது, நீந்தவும் தெரியாது. கலங்கும் நீர்தான் அவற்றை மூழ்கவிடாமல் தாங்குகிறது. ஃபிராஜிலேரியா என்ற டயாட்டத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், செல்கள் விலாவோடு விலா ஒட்டி நீண்ட நாடாவாகத் தெரியும். மலபார்க் கரையில் மத்தி மீன் வரத்தோடு அதற்குள்ள தொடர்பை 1950களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

கொச்சிக்கு அருகே இன்னொரு சிக்கல். ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் மெல்லிய போர்வையாக மேலே பரவி, ஏறிவந்த குளிர்நீரை மறைத்துவிடும். அடியில், மடிந்து விழும் பாசி அழுகி ஆக்ஸிஜனைக் குடித்துத் தீர்க்க, மூச்சுக்காகக் கோபிபாட்களும் மீன்களும் மேலடுக்கில் நெருக்கியடித்துக்கொள்கின்றன.

செயற்கைக்கோள் இதில் பாதியைத்தான் காட்டும். அதன் பார்வை மேற்பரப்போடு நின்றுவிடுகிறது; கடலின் நிறத்தை அது பார்க்க வேண்டிய மாதங்களில் மேகம் வேறு வானத்தை மூடிவிடுகிறது. கொல்லத்திலிருந்து குளச்சல்வரை, மழைக்காலம் முழுக்க வாரம் தவறாமல் படகில் போய் நீரை மொண்டு பார்க்கும் ஏற்பாடு வேண்டும். மீன் குறைந்த பிறகு காரணம் தேடுவதைவிட அதற்குச் செலவு குறைவு.