மைலேஜ் கருவி: போட்ட முதல் திரும்புமா?

மண்ணச்சநல்லூர் ஆலைகளில் அரிசி வாங்கும் நாம், மூட்டையில் ஊசி குத்தி மாதிரி பார்க்காமல் விலை பேசுவதில்லை. அதே அரிசியை ஏற்றிவரும் லோடு வண்டிக்கு, "இதை மாட்டினால் மைலேஜ் கூடும், இழுவை கூடும்" என்று ஒருவர் சொன்னால் மட்டும் உடனே பணத்தை எண்ணி வைத்துவிடுகிறோம்.

எரிபொருள் குழாயில் கட்டும் காந்தம் போன்ற நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்திருக்கிறது. மிகச் சிலவற்றில்தான் பலன் தெரிந்தது, அதுவும் சொற்பமே.

நாமே சோதிக்கலாம். டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். காந்தி மார்க்கெட்டுக்குப் பத்து நடை போய்வந்தபின் அதே பங்க்கில் மீண்டும் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். கருவியை மாட்டியபின் இன்னொரு பத்து நடை. டிரைவர், பாதை, பாரம், டயர் காற்று நான்கும் மாறக்கூடாது.

மாதம் 100 லிட்டர் டீசல், லிட்டர் 95 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2 லிட்டர் மிச்சமானால் 190 ரூபாய். 4,000 ரூபாய்க் கருவியின் முதல் திரும்பவே 21 மாதம் ஆகும்!

இன்ஜினையே மாற்றச் சொன்னால் இன்னும் எச்சரிக்கை தேவை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும்.

டயரில் சரியான காற்று, சுத்தமான ஏர் பில்டர், அளவான பாரம்: இவற்றுக்குச் செலவு குறைவு, பலன் நிச்சயம்.

கருவி விற்க வருபவரிடம் நாம் சொல்லவேண்டியது ஒன்றுதான்: "பத்து நடை ஓடட்டும், பிறகு பணம்."