பரிமாற்ற நிலையத்தின் அடியில் ஓடும் நீர்

ஒரு மாநகரத்தின் குப்பை, வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு ஊர்க்கோடியிலுள்ள கிடங்கையோ உர ஆலையையோ சென்றடையும் முன் வழியில் ஒருமுறை வண்டி மாறுகிறது. சில நூறு கிலோவை மட்டுமே ஏற்றக்கூடிய பேட்டரி வாகனங்களும் மூன்று சக்கர வண்டிகளும் ஒவ்வொரு நடைக்கும் இருபது கிலோமீட்டர் ஓடித் திரும்புவது நேரத்துக்கும் கட்டாது, செலவுக்கும் கட்டாது. ஆகவே அவை அருகிலுள்ள ஓரிடத்தில் சுமையை இறக்கிவிட்டுத் தெருவுக்குத் திரும்ப, இறக்கப்பட்ட குப்பை இயந்திரத்தால் அழுத்தப்பட்டு, பெரிய கொள்கலன்களில் நிரப்பப்பட்டு, கனரக வாகனங்களில் தொலைவுக்குச் செல்கிறது. இந்த வண்டி மாறும் இடமே கழிவுப் பரிமாற்ற நிலையம். சேகரிப்புப் பகுதிகளிலிருந்து வரும் திடக்கழிவைப் பெற்று, மூடிய வாகனங்களிலோ கொள்கலன்களிலோ மொத்தமாக அனுப்புவதற்கென அமைக்கப்பட்ட இடம் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதனை வரையறுத்தன. ஆனால் அவ்விதிகள் அனுமதி, இடைவெளி மண்டலம் போன்ற விரிவான நிபந்தனைகளைப் பதப்படுத்தும் ஆலைகளுக்கும் நிலநிரப்பிடங்களுக்கும் வகுத்த அளவுக்கு இந்த இடைத்தங்கலுக்கு வகுக்கவில்லை. குப்பை இங்கே நிலையாகத் தங்குவதில்லை என்ற எண்ணமே இதற்கு அடிப்படையாக இருக்க வேண்டும். குப்பை தங்குவதில்லைதான், குப்பையிலிருந்து வடியும் நீர் தங்கிவிடுகிறது.

சென்னையை எடுத்துக்கொண்டால் இந்நிலையங்களின் தேவை எளிதில் விளங்கும். 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 155 வட்டங்கள் 200 ஆயின. நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கும் மேற்பட்ட குப்பையை வெளியேற்றும் இந்நகரம் நெடுங்காலம் நம்பியிருந்ததோ வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி என்னும் இரு கிடங்குகளை மட்டுமே. ஒவ்வொரு மண்டலத்தின் குப்பையும் நெரிசல் மிகுந்த சாலைகளின் வழியே அவற்றை நோக்கி நகர வேண்டியிருக்க, இடையில் சுமை மாற்றும் ஏற்பாடு இல்லாமல் தெருக்கள் நாள்தோறும் தூய்மை பெற வாய்ப்பில்லை. பெருங்குடிக் கிடங்கு வளர்ந்து நிற்பது 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மடியில் என்பதும், குப்பையின் ஈரம் எங்கே போய்ச் சேரும் என்னும் கேள்வி இந்நகரத்துக்குப் புதியதன்று என்பதும் இவ்விடத்தில் நினைவில் கொள்ளத்தக்கவை.

பரிமாற்ற நிலையம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நாற்றமே முதற்பொருளாகிறது. சுவரை உயர்த்துதல், மரம் நடுதல், மணப்பொருள் கலந்த நீரைத் தெளித்தல் என்று தீர்வுகளும் அதனைச் சுற்றியே அமைகின்றன. நாற்றத்தின் மூலத்தைத் தேடிச் சென்றால் அது பெரும்பாலும் தரையில் தேங்கிய கசிவுநீரில் போய் முடியும். கசிவுநீர் என்பது குப்பையின் ஊடே ஊறி, அதிலுள்ள கரிமப் பொருள்களையும் உப்புகளையும் கரைத்துக்கொண்டு அடியில் வெளியேறும் கருநிற நீர். இந்திய நகரங்களின் குப்பையில் ஏறத்தாழப் பாதி சமையலறையிலிருந்தும் காய்கறிச் சந்தையிலிருந்தும் வருவது. வாழை இலை, எஞ்சிய சோறு, சாம்பார், பழத்தோல், இளநீர்க்கூடு, பூமாலை என்று நீர் நிறைந்த பொருள்களே அதன் பெரும்பகுதி. காகிதமும் அட்டைப்பெட்டியும் மிகுந்த உலர்ந்த குப்பையை அமுக்கிச் சுருக்குவதற்கு ஏற்ற காம்பாக்டர் இயந்திரம், இத்தகைய ஈரக் குப்பையைப் பெறும்போது செக்கின் வேலையைச் செய்கிறது. சக்கை கொள்கலனுக்குள் போக, சாறு கீழே வடிகிறது.

அந்தச் சாற்றின் வீரியத்தை ஓர் எளிய கணக்கால் உணரலாம். நீரிலுள்ள கரிமப் பொருள்களைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன என்னும் அளவு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை எனப்படுகிறது. இது கூடக்கூட, அந்நீர் சேரும் ஏரியிலும் ஆற்றிலும் மீன்கள் மூச்சுத் திணறும். வீட்டுச் சாக்கடை நீரில் இந்த அளவு லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம். புதிதாக வடியும் கசிவுநீரிலோ பல்லாயிரம் மில்லிகிராம் வரை செல்லும். நூறு டன் குப்பையில் நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டுமே பிழிந்து வெளியேறுவதாகக் கொண்டாலும் அது 5,000 லிட்டர். அதன் வீரியம் சாக்கடை நீரைப்போல் நூறு மடங்கு என்றால், அந்த ஐயாயிரம் லிட்டர் ஐந்து லட்சம் லிட்டர் சாக்கடை நீரைத் திறந்துவிட்டதற்குச் சமம். 2016ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணையோ சுத்திகரிக்கப்பட்ட கசிவுநீரை ஏரி, ஆறு போன்ற நீர்நிலைகளில் விடுவதற்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம், நிலத்தில் விடுவதற்கு 100 மில்லிகிராம், பொதுச் சாக்கடையில் விடுவதற்கு 350 மில்லிகிராம் என்றே உச்சவரம்பு விதித்தது. இந்த இடைவெளியைக் குழாய்நீரால் கழுவிவிட்டுக் கடந்துவிட முடியாது.

ஒழுங்காகக் கட்டப்பட்ட நிலையத்தில், வண்டிகள் குப்பையைக் கவிழ்க்கும் கொட்டுதளம் நீர் ஊடுருவாத கான்கிரீட்டால் ஆனதாக இருக்கும். அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்க, சாய்வின் முடிவில் கம்பிவலை மூடிய வாய்க்காலும், வாய்க்காலின் முடிவில் கசிவுநீர்த் தொட்டியும் அமையும். தொட்டியில் சேரும் நீர் அங்கேயே சுத்திகரிக்கப்படவோ டேங்கர் லாரியில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பப்படவோ வேண்டும். மழைநீருக்கான வடிகால் முற்றிலும் வேறாக, கொட்டுதளத்தின் நீர் எவ்வகையிலும் புக முடியாதபடி இருக்க வேண்டும். இந்தப் பிரிவு வரைபடத்தில் தெளிவாக இருந்து கட்டுமானத்தில் மறைந்துபோவதே பெரும் தீங்கு. சென்னையின் மழைநீர் வடிகால்கள் கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் கலப்பவை ஆதலால், நிலையத்தின் பின்புறத்தில் ஒரு குழாய் தவறான திசையில் இணைக்கப்பட்டால் அதன் முடிவு கடலில்தான்.

கூரையும் அழகுக்காக வேயப்படுவதன்று. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதன் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கிறது. ஆயிரம் சதுர மீட்டர் கொட்டுதளம் திறந்து கிடந்தால் அதன்மீது ஓராண்டில் விழும் நீர் மட்டும் 14 லட்சம் லிட்டர். குப்பையைத் தொட்ட கணமே அதன் ஒவ்வொரு துளியும் கசிவுநீராக மாறிவிடுகிறது. தகரக் கூரைக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்தும் நிர்வாகம், அதனினும் பன்மடங்கு செலவை ஆற்றின் கணக்கில் எழுதிவைக்கிறது.

இந்நீரைக் கண்டுபிடிக்கும் கருவி ஒவ்வொரு நிலையத்தின் வாசலிலும் ஏற்கெனவே இருக்கிறது, அது எடைமேடை. உள்ளே வந்த குப்பையின் எடையிலிருந்து வெளியே சென்ற எடையையும், இடையில் பிரித்தெடுத்து விற்கப்பட்ட பிளாஸ்டிக், உலோகம் முதலியவற்றின் எடையையும் கழித்தால் எஞ்சுவது ஏறக்குறைய வடிந்துபோன நீரின் எடைதான். ஆவியாகிப் போவது சொற்பம். அந்த எண்ணும், தொட்டியிலிருந்து டேங்கரில் ஏற்றப்பட்ட நீரின் அளவும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் மீதி நீர் வேறெங்கோ சென்றிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் பில் போடுவதற்காகவே பார்க்கப்படும் இந்த எடைச்சீட்டுகளை இக்கண்ணோட்டத்தில் ஒருமுறையேனும் கூட்டிப் பார்ப்பது தணிக்கையாளரின் கடமை. டன் கணக்கில் கட்டணம் வழங்கும் ஒப்பந்தங்களில் நீருக்கும் காசு கிடைக்கிறது என்பதால், குப்பையை உலர்ந்ததாக வைத்திருக்கும் ஊக்கம் ஒப்பந்ததாரருக்கு இயல்பாக எழாது என்பதையும் அவர் கருத்தில் கொள்ள வேண்டும்.

நிலையத்துக்குள் அடங்காத நீர் சாலையில் தொடர்கிறது. கொள்கலனின் பின்கதவைச் சுற்றிய ரப்பர் பட்டை தேய்ந்துவிட்டாலோ, அடியிலுள்ள நீர்த்தேக்கி காலி செய்யப்படாமல் விடப்பட்டாலோ, வாகனம் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு சிக்னலிலும் கருநீர் கொட்டும். இருசக்கர வாகனங்கள் அதில் வழுக்குவதும் உண்டு. உண்மையில் மக்கும் குப்பையைக் காம்பாக்டரில் இடுவதற்கே வலுவான காரணம் இல்லை. ஈரக் குப்பை இயல்பிலேயே கனமானது. அழுத்தாமல் ஏற்றினாலும் கொள்கலனின் இடம் நிறையும் முன்பே வாகனத்தின் எடை வரம்பு நெருங்கிவிடும். அதனைக் கசியாத பெட்டிகளில் அப்படியே அருகிலுள்ள உரக்கூடத்துக்கோ எரிவாயுக் கலனுக்கோ அனுப்பிவிட்டு, உலர் குப்பையை மட்டும் அழுத்தினால் சாற்றின் பெரும்பகுதி பிறப்பதே இல்லை.

ஏனைய ஒழுங்குகள் பலரும் அறிந்தவையே. முதலில் வந்த குப்பை முதலில் வெளியேற வேண்டும். வெப்பமான சூழலில் ஈயின் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடுவதால் எதுவும் இரவு தங்கக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்னும் ஒலி வரம்பு மதிக்கப்பட வேண்டும். அழுத்தும்போது தீப்பற்றக்கூடிய லித்தியம் பேட்டரிகளைக் கொட்டுதளத்திலேயே பிரித்தெடுக்க வேண்டும்.

இவை அனைத்தையும்விட அஞ்சத்தக்க ஒன்று கசிவுநீர்த் தொட்டிக்குள் இருக்கிறது. மூடிய தொட்டியில் தேங்கும் கசிவுநீர் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயுவை வெளியிடும். தொடக்கத்தில் அழுகிய முட்டையின் நாற்றத்தால் தன்னைக் காட்டிக்கொடுக்கும் அவ்வாயு, செறிவு மிகும்போது மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடுவதால், ஆபத்து முற்றிய நிலையில் எந்த நாற்றமும் தெரியாது. மண்ணும் துணியும் பிளாஸ்டிக் பையும் அடைத்து மோட்டார் நின்றுவிடும் நாளில் தூய்மைப் பணியாளர் ஒருவரை உள்ளே இறங்கச் சொல்லும் வழக்கம் எங்கேனும் எஞ்சியிருந்தால், அது ஓர் உயிரைப் பணயம் வைக்கும் செயல். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஆபத்தான சுத்திகரிப்பு என்று கூறும்போது பாதாளச் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. குப்பை நிலையத்தின் கசிவுநீர்த் தொட்டி அதில் பெயர் சொல்லப்படவில்லை. சொல்லில் இல்லாத இடம் காவலில்லாத இடமாக மாறிவிடக் கூடாது. வெளியிலிருந்தே கசடை உறிஞ்சி எடுக்கும் வாகனம் வராமல் தொட்டியின் மூடி திறக்கப்படலாகாது என்பது ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் முதல் நிபந்தனையாக இடம்பெற வேண்டும்.

குப்பையை அந்தந்த வட்டத்திலேயே உரமாக்கிவிட்டால் பரிமாற்ற நிலையங்களே தேவைப்படா என்று வாதிடுவோரும் உண்டு. அந்த நாள் வரும்வரை குப்பை ஏதேனும் ஓரிடத்தில் வண்டி மாறியே ஆக வேண்டும். இதனைச் செம்மையாகச் செய்ய முடியும் என்பதற்குச் சான்றுகளும் இருக்கின்றன. ஹாங்காங் தீவின் மேற்குப் பகுதியில் மலையைக் குடைந்த குகைக்குள் 1997 முதல் இயங்கும் நிலையத்தில், கழிவுநீர் அங்கேயே சுத்திகரிக்கப்பட, அழுத்தப்பட்ட குப்பை மூடிய கொள்கலன்களில் கடல் வழியாக நிலநிரப்பிடத்துக்குச் செல்கிறது. குடியிருப்புகள் அதன் அருகிலேயே உள்ளன. குகை எல்லா ஊருக்கும் வாய்க்காது. சாய்வான தளமும் கூரையும் தனி வாய்க்காலும் எல்லா ஊருக்கும் இயலும்.

இந்நிலையங்களில் எத்தனை டன் குப்பை வந்தது, எத்தனை டன் சென்றது என்பது நாள்தோறும் பதிவாகிறது. அதே பதிவேட்டில், அன்று எத்தனை லிட்டர் கசிவுநீர் சேர்ந்தது, அது எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சென்றது என்னும் இரண்டு வரிகளையும் சேர்த்து எழுதி, வாசலில் பொதுமக்கள் படிக்கும் பலகையில் வைக்குமாறு உள்ளாட்சி அமைப்புகள் உடனே ஆணையிட வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்தப் பலகை வாசலில் நிற்க வேண்டும்.